காணாமல் போன முப்பத்து மூன்று குதிரைகள்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது முதல் சாதனை. அந்தச் சக்கரத்துக்கு வந்து சேராத குதிரைகளைத் தேடிச் செயற்குழுவைக் கூட்டியது இரண்டாவது சாதனை. முதலாவதைச் செய்தது யாரென்று எவருக்கும் தெரியாது. இரண்டாவதைச் செய்தது எங்கள் 'மலைநாட்டு வாகன ஆற்றல் ஆர்வலர் சங்கம்'. அதன் செயலாளர் என்ற முறையில், நடந்ததை உள்ளது உள்ளபடி சொல்வது என் கடமை.

எங்கள் தலைவர் சுகுமாரன் திரிங்காப் என்ற மலை ஊரில் செவ்வந்தித் தோட்டம் வைத்திருப்பவர். அவரிடம் ஒரு டீசல் பிக்கப் இருக்கிறது. அதை விற்ற கம்பெனியின் விளம்பரத் தாளில் 'நூற்று அறுபது குதிரைசக்தி' என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து தலைவர் அதைத் தம் பட்டப்படிப்பைப்போலச் சொல்லிக்கொண்டார். கல்யாண வீட்டில் யாராவது "எப்படிண்ணே இருக்கீங்க?" என்று கேட்டால், "நூத்தி அறுபது" என்பார். பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங் சாலை முழுக்கச் சுற்றுலாக் கார்கள் அடைத்து நிற்கும்போது, அந்த நூற்று அறுபது குதிரைகளும் ஸ்ட்ராபெரி பொம்மைக் கடை வாசலில் அரை மணி நேரம் அடக்கத்தோடு நிற்கும். ஆற்றல் உள்ளவர்களுக்கே அடக்கம் வரும் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்வோம்.

சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு மலைக்குக் கீழே ஈப்போ நகரத்திலிருந்து டைனோ வரவழைப்பதென்று தலைவர் முடிவெடுத்தார். 'டைனோ வருகிறது' என்ற அறிவிப்பைத் தேயிலைத் தோட்டத்துத் திடலில் நானே ஒட்டினேன். தொழிலாளர் லயத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் டைனோசரைப் பார்க்கத் திரண்டு வந்துவிட்டார்கள். கூட்டம் அமோகம்.

டைனோ என்பது வேறொன்றுமில்லை. இரண்டு இரும்பு உருளைகள். காரின் சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி, வார் போட்டு இழுத்துக் கட்டி, முழு மூச்சோடு ஓடவிட வேண்டும். கார் பயங்கரமாக ஓடும். ஆனால் இருந்த இடத்தைவிட்டு நகராது. எங்கள் சங்கத்துக்கு இவ்வளவு பொருத்தமான கருவியை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

அதை இயக்க வந்தவர் யுவனேஸ்வரி என்ற இளம்பெண். காதில் சத்தம் தடுக்கும் உறையை மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தார். தலைவர் வண்டியில் ஏறி மிதித்தார். திடல் அதிர்ந்தது. டைனோசருக்காக வந்த பிள்ளைகள்கூடக் கைதட்டினார்கள். திரையில் இரண்டு கோடுகள் மேலேறின.

"ஒண்ணு குதிரைசக்தி அண்ணே. இன்னொண்ணு டார்க். சக்கரத்தத் திருப்புற முறுக்கு" என்றார் யுவனேஸ்வரி.

'முறுக்கு' என்றதும் தலைவரின் கை தன்னால் மீசைக்குப் போனது.

"எவ்வளவுமா?"

"நூத்தி இருபத்தேழு."

கை மீசையிலேயே நின்றுவிட்டது. "என் வண்டி நூத்தி அறுபது, தங்கச்சி. மெஷின் தப்பா காட்டுது லா."

"இது சக்கரத்துல அளந்தது அண்ணே. அந்த நூத்தி அறுபது வந்து..." என்று அவர் தொடங்கவும் மழை கொட்டத் தொடங்கவும் சரியாக இருந்தது. எல்லோரும் மெஷினுக்குத் தார்ப்பாய் போட ஓடினோம். விளக்கம் நனைந்துவிட்டது. எண் மட்டும் நனையாமல் எங்களோடு வந்தது.

முப்பத்து மூன்று குதிரைகளைக் காணோம்!

சாதாரண மனிதராக இருந்தால் அழுதிருப்பார். தலைவர் கேள்வி கேட்டார். "கடைசியா வண்டியில கை வெச்சது யாரு?"

போன வாரம் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றியது அர்ஜுனன். கம்போங் ராஜா போகும் வழியில், தேயிலைத் தோட்ட முச்சந்தியில் வொர்க்‌ஷாப் வைத்திருப்பவர். எங்கள் எல்லோருடைய வண்டியிலும் கடைசியாகக் கை வைத்தது அவர்தான். முதலில் கை வைத்ததும் அவர்தான். அந்தப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. ஆகவே குற்றவாளியைக் கண்டுபிடிப்பதில் சங்கத்துக்குச் சிரமம் இருக்கவில்லை. 'விசாரணைக் குழு' அமைக்கப்பட்டது. குழுவின் தலைவர், புகார் கொடுத்த சுகுமாரனே. வெளியாட்களை நம்ப முடியாத காலம்.

விசாரணை அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் தீர்ப்பு விழா நாள் மாலையே தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. அந்த வாரம் அர்ஜுனனின் வொர்க்‌ஷாப்புக்கு ஒரு மோட்டார் சைக்கிள்கூட வரவில்லை. அவர் ஷட்டரைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, துடைத்த ஸ்பேனர்களையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பாஞ்சாலை கொழுந்து நிறுக்கப் போன இடத்தில், "உங்க வீட்டுல எத்தன குதிரை கட்டியிருக்கீங்க?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பாஞ்சாலையும் கூடவே சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடாமல் படுத்துவிட்டார். இதெல்லாம் பொதுவாழ்வில் தவிர்க்க முடியாதவை.

ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்து மண்டபத்தில் குழு கூடியது. தலைவரின் மனைவி வசுமதி எல்லோருக்கும் தேநீரும் ஒரு தட்டு நிறைய முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். யுவனேஸ்வரியையும் மெஷினோடு மறுபடி வரவழைத்திருந்தோம். அர்ஜுனன் வேலைக்குப் போடும் நீலச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"அர்ஜுனா, உண்மையச் சொல்லிரு. முப்பத்து மூணு குதிரை எங்க?"

"அண்ணே, குதிரைய எடுத்து நான் எங்கண்ணே கட்டுறது? லயத்துல ஆடு கட்டவே எடமில்ல."

"விசாரணையில நக்கல் கூடாது!"

யுவனேஸ்வரி எழுந்து நின்றார். "அண்ணே, அவரு ஒண்ணும் பண்ணல. நூத்தி அறுபதுங்கிறது எஞ்சின மட்டும் தனியா வெச்சு அளந்த கணக்கு. அது கியர்பாக்ஸ், ஷாஃப்ட், அச்சு எல்லாத்தையும் சுத்திட்டு டயருக்கு வர்றதுக்குள்ள அஞ்சுல ஒரு பங்கு தேய்ஞ்சு போயிரும். எல்லா வண்டியிலயும் அப்படித்தான். மீதி கொஞ்சம் சூடு, கொஞ்சம் இந்த மலைக்காத்து. இங்க காத்து மெலிசு."

செயற்குழு தேநீர்க் கோப்பைகளுக்குள் பார்த்தது. தெளிவான விளக்கத்தைக் கேட்டால் எங்கள் செயற்குழு எப்போதும் இப்படித்தான் திகைத்துப்போகும்.

"அதோட, நீங்க பூ ஏத்திக்கிட்டு மேட்டுல ஏறுறீங்க. உங்களுக்குக் குதிரைசக்திய விடக் கீழ் ரவுண்டுல, எஞ்சின் மெதுவா சுத்துறப்ப வர்ற முறுக்குதான் முக்கியம். உங்க வண்டிக்கு அது நல்லாவே இருக்கு" என்றார் அவர்.

"முறுக்கு இருக்கட்டும்மா" என்று தலைவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். "காத்து மெலிசுன்னா அது என் தப்பா? அதுக்கு மெஷின்ல ஒண்ணும் செய்ய முடியாதா?"

யுவனேஸ்வரி தயங்கினார். "ஒரு திருத்தக் கணக்கு இருக்கு. கடல் மட்டத்துல இருந்தா எவ்வளவு வரும்னு காட்டும். ஆனா டர்போ வண்டிக்கு அத முழுசா போடக்கூடாது அண்ணே. டர்போ தானே காத்த அமுக்கி இழுத்துக்கும்."

"போடுமா."

போட்டார். போன வாரத்து நூற்று இருபத்தேழு திரையில் நூற்று நாற்பத்தொன்பதாக மாறியது.

மண்டபத்தில் பெருமூச்சு. வண்டி நகரவில்லை, எஞ்சினைக்கூட யாரும் திறக்கவில்லை. ஆனாலும் இருபத்திரண்டு குதிரைகள் தாமாக வீடு திரும்பின.

"அந்தக் கியர்பாக்ஸ் தேய்மானத்துக்கும் பட்டன் இருக்கா?"

"இருக்கு. ஆனா எல்லாத்தையும் ஒண்ணா போட்டா நம்பரு பொய்யாயிரும்."

"நீ போடு தங்கச்சி. பொய்யா மெய்யான்னு குழு முடிவு பண்ணும்."

அதையும் போட்டார். நூற்று எண்பத்தாறு!

கைதட்டல் அடங்க நெடுநேரமானது. காணாமல் போன முப்பத்து மூன்று குதிரைகளும் வந்துவிட்டன. கூடவே இருபத்தாறு குதிரைகளைக் கூட்டிக்கொண்டும் வந்திருந்தன. இந்த அதிகப்படிக் குதிரைகளுக்கு யார் காரணம் என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. குறைந்ததற்கு மெக்கானிக் காரணம். கூடியதற்குத் தலைவரின் 'ஓட்டும் முறை' காரணம் என்று குழு ஒருமனதாகக் கண்டறிந்தது.

தலைவர் எழுந்து பெருந்தன்மையோடு அறிவித்தார். "குதிரைங்க திரும்பி வந்துட்டதால, அர்ஜுனன நாம மன்னிச்சிர்றோம்."

அர்ஜுனன் தம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "எடுக்காதத நான் எப்பண்ணே திருப்பிக் குடுத்தேன்?"

எல்லோர் வாயிலும் முறுக்கு இருந்தது.

அப்போதுதான் வசுமதி, நிகழ்ச்சி நிரலில் இல்லாதபோதும், வாயைத் திறந்தார். "ஒரு மனுசன திருடன்னு சொல்ல ஒங்களுக்கு ஒரு நிமிசம் ஆகல. இல்லன்னு சொல்றதுக்கு மட்டும் வாய் அடைச்சிருச்சா? நான் அர மணி நேரமா பாக்குறேன், அந்தப் பொண்ணு சொன்னத ஒருத்தரும் காதுல வாங்கல. முறுக்க மட்டும் நல்லா வாங்குறீங்க." சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். தலைவர் கையிலிருந்த பாதி முறுக்கையும் வாங்கிக்கொண்டார்.

அர்ஜுனன் யுவனேஸ்வரிக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியேறினார். அந்தப் பெண் மெஷினைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு இறங்கினார். போகும்போது தலைவரிடம், "நூத்தி எண்பத்தாறுன்னு வெளிய யார்கிட்டயும் சொல்லிறாதீங்க அண்ணே" என்றார். தலைவர் அன்றே எல்லோரிடமும் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து, நூற்று எண்பத்தாறு குதிரைகளும் கம்போங் ராஜா மேட்டில் செவ்வந்திப் பெட்டிகளோடு நின்றுவிட்டன. கிளட்ச் எரிந்த வாடை. தலைவர் என்னைத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். முச்சந்திவரை இறக்கம் என்பதால் எப்படியோ அர்ஜுனன் வாசலுக்கே போய்ச் சேர்ந்தோம்.

அர்ஜுனன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "செஞ்சிரலாம். ஆனா ஒண்ணு தலைவரே. எண்ணிட்டு விட்டுட்டுப் போங்க. எடுத்துட்டுப் போறப்பவும் எண்ணிக்கோங்க."

தலைவர் பானெட்டைத் திறந்தார். உள்ளே உற்றுப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு மழையைப் பற்றிப் பேசினார். பூவுக்கு வரும் பூச்சியைப் பற்றிப் பேசினார். "டீ சாப்பிடுறியா அர்ஜுனா?" என்றார். அர்ஜுனன் "இப்பத்தான் குடிச்சேன்" என்றார். தலைவர் வாயைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார். செயலாளர் ஆயிற்றே, நானும் மழையைப் பற்றிப் பேசினேன். அர்ஜுனன் வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நாங்கள் அவருடைய கால்களைப் பார்த்தபடி நின்றோம்.

எங்கள் சங்கத்தின் திறமையை இனி யாரும் சந்தேகிக்க முடியாது. கண்ணுக்கே தெரியாத முப்பத்து மூன்று குதிரைகளை ஒரே காலையில் கண்டுபிடித்தவர்கள் நாங்கள். 'மன்னிச்சுக்க அர்ஜுனா' என்ற இரண்டே சொற்களைத்தான் இன்னும் காணோம்.