எலையா தோண்பியைக் கெதியாகச் சாகடிக்கவும்

மில்லிக்கன்,
மாசி 1996.

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும், தங்கள் வாரப் பத்திரிகையும், விளம்பரம் தந்து அதைத் தாங்கி நிற்கும் வீட்டு விற்பனை முகவர்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நிற்க.

'நியாயவாதி' என்பவர் தங்கள் பத்திரிகையில் எழுதிவரும் தொடரை, அதாவது அமெரிக்காவின் முதற்கால வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான எலையா தோண்பியின் வாழ்க்கையை, உடனே நிறுத்தவும். முடியாவிட்டால் ஆளை இந்த வெள்ளிக்கிழமையே சாகடித்துவிடவும்.

காரணம் என் அப்பா, வழக்கறிஞர் நவரட்ணம். யாழ்ப்பாண நீதிமன்றத்தில் அவர் எழுந்து நின்றாலே எதிர்த்தரப்பு தொண்டையைச் செருமும். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்தபிறகு, அந்தப் படிப்பு இங்கே செல்லாது, முதலிலிருந்து படி என்றார்கள். உணவகமொன்றில் கோப்பை கழுவினார். அப்போதுதான் பத்திரிகையில் உங்கள் தோண்பி வந்தான். சட்டக் கல்லூரி வாசலையே மிதிக்காமல், ஒரு வக்கீல் தொழில் நடத்திய கந்தோரைக் கூட்டி, விறகு பிளந்து, அங்கே கிடந்த புத்தகங்களை வாசித்தே வழக்கறிஞனானானாம். அடுத்த கிழமை அப்பா கோப்பை கழுவுவதை விட்டுவிட்டு, பிளாசாவில் கந்தோர் வைத்திருக்கும் வக்கீல் துஷாந்திடம் சம்பளமில்லாமல் சேர்ந்துவிட்டார். துஷாந்துக்கு என்ர வயசுதான் வரும். "அங்கிள், வாசல்ல ஸ்னோ கிடக்கு" என்பான். அப்பா யாழ்ப்பாணத்துக் கறுப்புக் கோட்டோடு "ஓம் சேர்" என்று பனி அள்ளச் சவளை எடுப்பார். "இஞ்சை பாருங்கோ, உங்களுக்கென்ன விசரே? அந்தப் பெடி உங்களைச் சும்மா வேலை வாங்கிறான்!" எண்டு அம்மா கத்தினா. "தோண்பியும் விறகு பிளந்தவர், தவமணி" எண்டார் அப்பா. கோப்பி வாங்கப் போனால், தோண்பியும் கடிதம் காவினவர். துஷாந்தின்ர காரைக் கழுவினால், தோண்பியும் குதிரை கழுவினவர். தோண்பி சட்டசபைக்குப் போன கிழமை அப்பா கழுத்தில புது ரை கட்டிக்கொண்டு போனார். கவர்னரான கிழமை துஷாந்த் கக்கூஸ் கழுவச் சொல்லி அதின்ர பூட்டுத் திறப்பையும் இவரிட்டக் குடுத்திட்டான். வீட்டு வாடகை என்ர பீட்சா டெலிவரியில ஓடுது. ஞாயிறெண்டா மேசை முழுக்கப் புத்தகத்தைப் பரப்பி, "சட்டம் படிக்கிறன், குழப்பாதேங்கோ" எண்டு எழுதிக்கொண்டே இருப்பார்.

பொறுக்கேலாமல் நான் லைப்ரரியில தேடினன். தோண்பிக்கு அடிமையள் இருந்திருக்கினம் ஐயா. அவர் பெரியாளான பிறகு அவற்ற கந்தோரைக் கூட்டினது அவையள்தான். உயிலில அவையளையும் குதிரையளோட சேர்த்துப் பிள்ளையளுக்குப் பிரிச்சுக் குடுத்திருக்கிறார். உங்கட நியாயவாதிக்கு உது தெரியாதோ? அப்பா தன்னைத் தோண்பியெண்டு நினைச்சுக் கூட்டுறார். அந்தக் கதையில கூட்டினவைக்குப் பேரே இல்லை. இதைப் போட்டால்தான் மனுசன் கூட்டுற தும்புத்தடியைக் கீழ வைப்பார்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரியவும். தங்கள் வீட்டாருக்கும் பேனாவுக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

பணிவோடும் கோபத்தோடும்,
ந. பிரதாபன்

பி.கு.: மேலே எழுதியதைக் கணக்கெடுக்க வேண்டாம். நான் தபால் முத்திரை தேடப் போன நேரம் அப்பா இதை வாசிச்சிட்டார். "முத்திரையை ஏன் வீணாக்கிறாய்? நாளைக்கு நான் பேப்பர் கந்தோருக்குத்தான் போறன்" எண்டார். நியாயவாதி அவர்தானாம். அடிமையளைப் பற்றி அவர் எழுதித்தான் தந்தவராம். வீட்டு விளம்பரத்துக்கு இடம் காணாதெண்டு நீங்கள்தான் வெட்டினீங்களாம்.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டே ஏனப்பா கூட்டுறியள்?" எண்டு கேட்டன்.

"இந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போக எனக்கு வேற எங்கயடா இடம்?"

தோண்பி இன்னும் கொஞ்சக் காலம் இருக்கட்டும் ஐயா. அந்த வெட்டினதை மட்டும் மறக்காமல் போடுங்கோ.