மீன் மோட்டாரை எவன் அணைத்தான்?

பஞ்சாட்சரம் கூடத்தில் கால் வைத்ததும் சளக்கென்றது. தரை முழுக்கத் தண்ணீர். மேசைக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் டப் வழிந்துகொண்டிருந்தது. மேலே கண்ணாடித் தொட்டியில் பாதி காலி. தங்கமீன்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"எவன் மோட்டார ஆஃப் பண்ணது?"

மனைவி எல்லம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்கு எப்படித் தெரியும்? கரண்டு போச்சோ இன்னாவோ."

"ஃபேன் சுத்திக்கினு கீது. சுச்சு மட்டும் ஆஃப்ல கீது. அதுக்கின்னா கை மொளச்சிச்சா?"

மீன்கள் மகள் ஜெயப்பிரியாவுடையவை. செங்கல்பட்டுக்கு நர்சிங் படிக்கப் போனவள், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அப்பாவிடம் ஒப்படைத்திருந்தாள். தினமும் மதியம் போன் செய்து முதலில் மீனைத்தான் விசாரிப்பாள்.

முந்தின நாள்தான் பிளம்பர் வேதகிரி போட்டுக் கொடுத்த ஏற்பாடு அது. தொட்டியில் மிஞ்சுகிற தண்ணீர் வடிகால் பைப்பில் இறங்கி டப்பில் விழும். டப்புக்குள் கிடக்கும் குட்டி மோட்டார் அதை ரிட்டர்ன் பைப்பில் மேலே அனுப்பும். போர் மோட்டாருக்குத் தோட்டத்தில் ஸ்டார்ட்டர் வைத்த பிறகு, அடுப்படி வாசலில் பழைய மோட்டார் சுவிட்ச் சும்மாதான் இருந்தது. மீன் மோட்டாருக்கு அதையே கொடுத்துவிட்டான்.

தண்ணீர் வீணானால் பஞ்சாட்சரத்துக்கு ரத்தம் கொதிக்கும். தெருவில் எந்த வீட்டு மாடித் தொட்டி வழிந்தாலும், நேரே உள்ளே போய் மோட்டாரை அணைத்துவிட்டுத்தான் திட்டவே ஆரம்பிப்பார். அவர் வீட்டுக் கூடத்திலேயே குளம் கட்டினால் சும்மா இருப்பாரா? வேதகிரிக்கு ஆள் அனுப்பினார்.

"ரிட்டர்ன் பைப்பு வாயி தண்ணிக்குள்ள ஆயமா கீதுண்ணா. மோட்டார் நின்னா அது வயியாவே தண்ணி கீய எறங்குது. வாய மேல தூக்கிட்டா சரியாப்பூடும்."

"தூக்கறதுக்கு நீ எதுக்கு? டப்பு சின்னது. பெரிய டிரம்மா வை."

நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து வைத்தார்கள். பாதி காலியாக இருந்தது அவர் கண்ணை உறுத்த, விளிம்பு வரை தண்ணீர் பிடித்து ரொப்பினார். டிரம்முக்கு இடம் விட வடிகால் பைப்பை மேலேயே வெட்டியதில், தண்ணீர் சோவென்று கொட்டியது.

சத்தம் கேட்டுப் பின்வீட்டு மார்த்தாள் ஓடி வந்தாள். மாடித் தொட்டி வழிகிறது என்று நினைத்துவிட்டாளாம். மீன்தொட்டி என்று தெரிந்ததும் சிரித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம், மகளிடம் பேசி முடித்துச் சாப்பிட உட்கார்ந்தவரின் இலை மிதந்தது. டிரம் நிறைய இருந்ததால் இந்த முறை வெள்ளம் மூலையில் அடுக்கியிருந்த விதைக்கான மணிலாக் கடலை மூட்டைகள் வரை போயிருந்தது. சுவிட்ச் ஆஃபில்.

பஞ்சாட்சரம் எச்சில் கையோடு வேலி ஓரம் போய் நின்றார். தொட்டி வழிகிறதென்று நேற்று ஓடி வந்தவள் இன்றைக்கு அணைத்தே விட்டாள் என்று மார்த்தாளை நாலு வீட்டுக்குக் கேட்கப் பேசினார்.

"உன் வூட்டு சுச்சுல நான் ஏண்ணா கைய வெக்கறேன்?" என்றாள் மார்த்தாள். அன்றிலிருந்து இந்தப் பக்கமே வரவில்லை. அவளோடு பேசாமல் எல்லம்மாளுக்குப் பொழுது போகாது. அவளும் புருஷனிடம் பேச்சை நிறுத்தினாள்.

ஆத்திரம் அடங்காமல் பெரிய மோட்டாராக வாங்கி வந்து மாட்டினார் பஞ்சாட்சரம். இரைச்சல் தெருமுனை வரை கேட்டது. மறுநாள் மதியமும் சுவிட்ச் ஆஃப். ஒரு மீன் செத்து மிதந்தது.

"நீதான். மார்த்தாளுக்கு வக்காலத்து வாங்கறவ நீதான் அமுத்தற. என் பொண்ணு மீன சாவடிச்சிட்ட."

எல்லம்மாள் பையில் புடவைகளை அடுக்கினாள். பிறகு சொன்னாள்: "யாருன்னு நாளைக்குள்ள கண்டுபுடி. இல்லன்னா நான் மானாம்பதிக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிக்கினே இருப்பேன்."

"கண்டுபுடிக்கிறேன்டி."

மறுநாள் மதியம் எல்லம்மாள், தன் மேல் விழுந்த பழியைப் போக்க வந்த மார்த்தாள், பைப்பை வெட்டிய வேதகிரி மூவரையும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பின்கதவைப் பூட்டினார். உள்ளே அவர் மட்டும் காவல். மோட்டார் இரைந்தது, தண்ணீர் சோவென்று கொட்டியது.

போன் அடித்தது. ஜெயப்பிரியா. ஊரே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். உட்கார்ந்து போன் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே எல்லாவற்றையும் கொட்டினார். டிரம், மணிலா மூட்டை, செத்த மீன், கூட இருந்தே குழி பறிக்கிறவர்கள்.

திடீரென்று வீடு அமைதியானது. காலடியில் ஈரம். சுவிட்ச் ஆஃப்.

பஞ்சாட்சரம் வாசலைப் பார்த்தார். மூன்று பேரும் நாற்காலியில்தான் இருந்தார்கள். எல்லம்மாள் மடியில் பை.

"பாத்தியாம்மா," போனில் கத்தினார், "ஆளே இல்ல. இப்பவும் எவனோ ஆஃப் பண்ணிட்டான்."

ஸ்பீக்கரில் மகள் சொன்னாள்: "தெனம் நான் போன் பண்றப்பல்லாம், 'தொட்டி வயியுது, ஒருத்தருக்கும் கண்ணில்ல'ன்னு நடுவுல திட்டிக்கினே டக்குனு ஒண்ண அமுத்துவியேப்பா, அது இன்னா சுச்சு?"