அம்பு போடும் போஹுஸ்லாவ்

உலகத்தில் அம்புக்காரர் என்றொரு இனம் உண்டு. வில் வைத்திருக்க மாட்டார், பென்சில் வைத்திருப்பார். நீங்கள் ஒரு வாக்கியம் சொல்லி, மூச்சு வாங்கி, அடுத்ததைச் சொன்னால் போதும். இரண்டுக்கும் நடுவே ஓர் அம்பு போட்டு, அதன் தலையில் 'காரணம்' என்றோ 'முரண்' என்றோ 'விளைவு' என்றோ எழுதாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பிராக் நகரில் இந்த இனம் கொஞ்சம் அடர்த்தி. அங்கே ஒரு கல்லூரியின் மேல்மாடியில், நாளிதழ்ச் செய்திகளைப் பிரித்துப் போட்டு, எந்த வரி எந்த வரியோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்று இருவர் தனித்தனியாகக் குறிப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் அன்று திருவிழா. ஒத்துப்போகாவிட்டால்? விவாதக் கூட்டம்.

அந்த மாடியின் தலைமகன் டாக்டர் போஹுஸ்லாவ். வாசல் காவலர் "வணக்கம், மழை பெய்யுது" என்றால், "மழை பெய்யுறதால வணக்கமா, பெய்தாலும் வணக்கமா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியேறுவார். காவலர் இப்போது வணக்கம் சொல்வதில்லை. சித்தப்பாவின் சவ அடக்கத்தில், "நல்ல மனுஷர். தினமும் குடிப்பார்" என்று ஒருவர் பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து கை தூக்கி, "நடுவுல 'ஆனா' வருமா, 'ஏன்னா' வருமா?" என்று கேட்டவர். சித்தி அழுகையை நிறுத்தி, "'ஏன்னா'தான்" என்றாள்.

எதிர் மேஜை ஹெட்விகா. அவர் போடும் அம்பையே அவளும் போடுவாள். பல வருஷமாக ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை. இருவருக்கும் எப்போது கல்யாணம் என்று மாடியே காத்திருந்தது. பாக்கி ஒன்றுதான்: அவர் வாய் திறக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை, வழக்கமான பீர்க் கடை. அங்கே குவளை காலியானால் பரிசாரகர் லூபோஷ் கேட்காமலே அடுத்ததைக் கொண்டுவந்து வைப்பார். போதுமென்றால், குவளைக்கடியில் இருக்கும் அட்டையை எடுத்து அதன் வாயை மூடிவிட வேண்டும். அந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த சைகை.

ஹெட்விகா சொன்னாள்: "எனக்கு தூரத்துல, ஒஸ்ட்ராவா ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும். நீ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கற."

போஹுஸ்லாவுக்கு 'போகாதே' என்று ஒரு சொல் தொண்டைவரை வந்தது. வந்த சொல், மூன்று வாக்கியங்களில் எதோடு ஒட்டுவது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டது. தன் அட்டையை உருவித் திருப்பினார். பென்சில் எடுத்தார்.

"முதலுக்கும் ரெண்டாவதுக்கும் விளைவு. சரி. மூணாவது எதோட ஒட்டுது?"

"நீயே சொல்லேன்."

"நான் சொல்லாததால வேலை தேடினியா? வேலை கிடைச்சும் நான் சொல்லலையா?"

"அடப்பாவி, ரெண்டும்தான்!"

"ஒரே இடத்துல ரெண்டு அம்பு போகக்கூடாதே ஹெட்விகா. விதிய எழுதினதே நீதான்."

அட்டை முழுக்க அம்பு. மூட வேறு அட்டை ஏது? பதற்றத்தில் அவர் குடிக்கக் குடிக்க, லூபோஷ் அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போனார். ஹெட்விகா தன் பீரை மெதுவாகக் குடித்து முடித்தாள். அட்டையை எடுத்தாள். குவளையை மூடினாள்.

பக்கத்து மேஜையில் சீட்டாட்டம் நின்றது. லூபோஷ் பீர்க் குழாயைத் திருகி நிறுத்தினார். மேஜைக்கடியில் கிடந்த நாய்கூடத் தலை தூக்கியது.

போஹுஸ்லாவும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நல்லவேளை! அதக் கொஞ்சம் குடு. இதுல இடம் தீந்துபோச்சு."

கொடுத்தாள். கோட்டை மாட்டினாள். போனாள்.

கடைசி அம்பையும் போட்டுவிட்டு அவர் நிமிர்ந்தபோது எதிர் நாற்காலி காலி. கதவு ஆடி ஓய்ந்திருந்தது. தொண்டையில் நின்ற சொல் அப்போதுதான் வெளியே வந்தது.

"போகாதே!"

புதுக் குவளையோடு நின்ற லூபோஷ் சொன்னார்: "நான் எங்க போறேன் டாக்டரே? கடை மூடுற வரைக்கும் இங்கதான்."

நீங்கள் அப்படிப்பட்டவரில்லை, தெரியும். ஆனாலும் உங்கள் வீட்டில் யாரோ சற்றுமுன் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்களோ, வணக்கத்தை நிறுத்திய அந்தக் காவலருக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். பென்சிலைக் கீழே வையுங்கள்.