புழுவற்ற ஈரலின் குற்றம்

நாட்டின் விஞ்ஞான முன்னேற்றத்துக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டில், ஐந்து ஆட்டு ஈரல்கள் தேவைப்பட்டன. ஐந்திலும் புழு இருக்க வேண்டும்.

தேவைப்பட்டது ஆராய்ச்சி மாணவி ஜெபகனிக்கு. ஈரலில் நீர்க்கட்டியாகக் குடியேறும் நாடாப்புழு, அங்குள்ள உயிரணுக்களின் மரபணுக்களில் சிலவற்றை எழுப்பிவிடுகிறது, சிலவற்றை உறங்க வைக்கிறது என்பது அவள் துணிபு. மாத முடிவுக்குள் அதை நிரூபிக்காவிட்டால் ஆறாண்டு உழைப்பும் முனைவர் பட்டப் பதிவும் ரத்து. ஈரல்கள் அரசுச் சான்றுடன் வர வேண்டும் என்பது விதி.

ஆகவே அவள் ஆம்பூரை அடுத்த ஓர் ஊரின் ஆட்டுத்தொட்டிக்கு, அதாவது ஆடறுக்கும் கூடத்துக்குச் சென்று, சுகாதார ஆய்வாளர் அருணகிரியை வணங்கினாள்.

"புழுவா? நம்ம ஊர்லயா? பதினோரு வருஷமா ரிஜிஸ்டர்ல ஒரு புழுகூட கிடையாதும்மா!"

கசாப்புக்கடை வாஹித் பாஷா, வெள்ளைக் கட்டிகள் பிதுங்கும் ஈரல் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "அப்ப இது இன்னா சார்?"

"பாய், அது பேரணாம்பட்டு வழியா வந்த ஆந்திரா ஆடு. இங்க அறுத்ததால ஈரல் நம்முது. புழு அவங்களுது."

"புழுவுக்கு மட்டும் சித்தூருக்கு எழுதிக் கேக்கணுமா சார்?" என்றாள் ஜெபகனி.

"கேளுங்க. ஆறு மாசத்துல பதில் வரும்."

"எனக்கு இருக்கறது இருபது நாள்."

அருணகிரி இளகிய மனத்தர். கட்டி மிகுந்தவையாகப் பார்த்து ஐந்து ஈரல்களைப் பொறுக்கி, 'நோயற்றவை' என்று சான்றளித்தார். "உள்ள இருக்கறத நீங்க பாத்துக்குங்க. நான் பாக்கல."

ஜெபகனி சற்றே தயங்கி, கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டாள். ஒப்பிடுவதற்குப் புழுவற்ற ஈரல் ஒன்றை வாஹித் பாஷா கொடுத்தார். அதற்குள் அருணகிரி கிளம்பிவிட்டதால் அதற்குச் சான்று இல்லை.

முடிவுகள் அருமையாக அமைந்தன. ஐந்து ஈரல்களில் விழித்திருந்த மரபணுக்கள் ஆறாவதில் உறங்கின, உறங்கியவை விழித்திருந்தன. பரிசீலனைக் குழுத் தலைவர் ஆரோக்கியசாமி சான்றுகளை மட்டும் இருமுறை படித்தார்.

"இந்த அஞ்சும் நோயற்றதுன்னு அரசாங்கமே சொல்லுது. அப்ப கோளாறு சான்று இல்லாத ஆறாவதுலதான். அதுல என்ன குறை?"

"புழு இல்லை சார்."

"கண்டுபிடிச்சிட்டீங்களே, அம்மா!"

பதிவு காலாவதியாக இரண்டு மணி நேரம் இருந்தது. ஜெபகனி ஆய்வேட்டின் தலைப்பைத் திருத்தினாள்: 'புழுவின்மையால் ஈரல் மரபணுக்களில் விளையும் சீர்கேடுகள்.'

பட்டம் கிடைத்தது. ஆய்வின் பயன் பொதுமக்களைச் சென்றடையும் பொருட்டு, புழுவற்ற ஈரல்களை விற்கத் தடை விதித்து ஆணையும் பிறந்தது.

அடுத்த ஞாயிறு, வாஹித் பாஷா கடையில் நீண்ட வரிசை.

"பாய், கட்டி ஜாஸ்தியா பாத்துக் குடுங்க. வீட்ல குழந்தைங்க இருக்கு," என்றார் தோல் கம்பெனி குமாஸ்தா ஒருவர்.

ஜெபகனியின் முறை வந்தது. பாஷா குனிந்து கிசுகிசுத்தார்: "டாக்டரம்மா, சுத்தமானது ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்கேன். உங்களுக்குன்னா தர்றேன்."

வரிசை பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தது.

"சீச்சீ, அது எதுக்கு பாய்? எல்லாருக்கும் குடுக்கறதையே குடுங்க," என்றாள் ஜெபகனி, கடைசி ஆளுக்கும் கேட்கும்படி.