நிரம்பிய நாற்காலிகள்

"மாமா, மவுஸை மேஜைமேல வெச்சு நகர்த்தணும். கையில தூக்கிப் பிடிக்கக்கூடாது."

முதலாளி சொல்லச் சொல்ல, அவருடைய மாமனார் பயபக்தியோடு தலையாட்டினார். இன்று ஒருநாள் மாமனார் சீனியர் இன்ஜினியர். மைத்துனன் டெஸ்டிங். சித்தி வரவேற்பு.

உண்மையில் அந்த மென்பொருள் கம்பெனியில் முதலாளியையும் சேர்த்து நாலே பேர். மருத்துவமனைச் சீட்டுகளைப் பதிய அருமையான மென்பொருள் எழுதி வைத்திருந்தார்கள். அரசாங்க ஒப்பந்தம் கிடைத்தால் பிழைக்கலாம். அதுவரை தாக்குப்பிடிக்க ஒரு முதலீட்டாளர் வேண்டும். இல்லையென்றால் மாதக் கடைசியில் கடையைக் கட்டவேண்டியதுதான். நாலு பேரை நம்பி யார் பணம் போடுவார்கள் என்று பயந்து, முதலாளி வீட்டில் இருந்தவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து நாற்காலிகளை நிரப்பியிருந்தார்.

முதலீட்டாளர் வந்தார். பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு அவருடைய டிரைவர்.

"மொத்தம் எத்தனை பேர்?"

"பதினோரு பேர் சார்."

நோட்டில் குறித்துக்கொண்டவர் மாமனார் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன பண்றீங்க?"

"மாப்பிள்ளை தட்டச் சொன்னார். தட்டறேன்."

முதலாளிக்குக் காது சுட்டது. "புதுசு சார். இந்த வாரம் மட்டும் இன்னும் பத்துப் பேரை எடுத்திருக்கோம். இங்க எல்லாரும் என்னை மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடுவாங்க. ஒரு பாசம்."

மைத்துனன் தட்டிய வேகத்தில் ஒரு குறையும் இல்லை. கம்ப்யூட்டரைத்தான் போடவில்லை.

"ஸ்கிரீன் இருட்டா இருக்கே?"

"இவருக்கு ஷிஃப்ட் முடிஞ்சுபோச்சு சார். அடுத்த ஷிஃப்டுக்கு முப்பது பேர் வருவாங்க."

அப்போதுதான் சித்தி எட்டிப் பார்த்தாள். "ஏம்ப்பா, நான் கிளம்பட்டுமா? அடுப்புல பால் வெச்சிட்டு வந்துட்டேன்."

"வீட்லேருந்து வேலை பாக்கறவங்க சார்," என்றார் முதலாளி, வேர்த்து வழிய. "அப்படி ஒரு நாப்பது பேர்."

இரண்டு வருடமாக ராப்பகல் பாராமல் அந்த மென்பொருளை எழுதியவள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலை குனிந்துகொண்டதை முதலாளி பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

முதலீட்டாளர் நோட்டில் கூட்டிப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது. "மன்னிச்சுக்குங்க, சரிப்பட்டு வராது," என்று எழுந்து போய்விட்டார்.

"எல்லாம் என்னாலதான் மாப்பிள்ளை," என்றார் மாமனார், மவுஸைப் பிடித்தபடியே.

முதலாளிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பெண் கொடுத்த மனிதரை வேஷம் கட்ட வைத்தாகிவிட்டது. உழைத்தவளின் முகத்தில் இனி விழிக்க முடியாது. குட்டு உடைந்ததுதான் மிச்சம்.

முதலீட்டாளர் மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடியை எடுக்க டிரைவர் திரும்பி வந்தார். முதலாளி தரையைப் பார்த்தபடி கேட்டார், "எங்க மேல ரொம்பக் கோவமா இருக்காரா?"

"கோவமா? மனசே உடைஞ்சு போயிட்டார் சார். அடுத்த மாசம் வர்ற அரசாங்க வேலை, பத்துப் பேருக்குள்ள இருக்கற கம்பெனிக்கு மட்டும்தானாம். 'சின்னக் கம்பெனின்னு நம்பி ஆசையா வந்தேன், இவ்வளவு பெருசா வளந்துட்டாங்களே'ன்னு புலம்பிட்டு இருக்கார்."