கொசுக்கூண்டும் அக்காவைப் பெண் பார்த்த நாளும்

படித்தவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடங்கள் உலகத்தில் சில உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் கூடம் அவற்றில் முதலாவது. இருபத்தொரு வயதில் எனக்கு இது தெரியாது. தெரிந்தபோது அக்காவின் கல்யாணம் நின்றுபோயிருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் நான் விலங்கியல் கடைசி வருஷம். ஆளுக்கொரு சிறு ஆராய்ச்சி செய்யச் சொன்னார் பேராசிரியர். மற்றவர்கள் தவளை, கரப்பான் என்று கௌரவமாகப் போக, நான் கொசுவைப் பிடித்தேன். சாப்பாடும் சேர்க்கையும் கொசுவின் ஆயுளை என்ன செய்கின்றன என்று பார்ப்பதாகத் திட்டம். கண்டனூரில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டு முற்றத்து அண்டாவிலிருந்து கொசுப்புழுக்களை அள்ளி வந்தேன். எங்கள் வீட்டில் மல் துணி கட்டிய மூன்று கூண்டுகள் வைத்தேன். முதல் கூண்டில் ஆண் வாடையே படாத பெண் கொசுக்கள். அவற்றுக்குச் சர்க்கரைத் தண்ணீர் மட்டும். இரண்டாவதில் இருந்த கன்னிகளுக்கு ரத்தமும் உண்டு. மூன்றாவதில் ரத்தமும் உண்டு, ஆண்களும் உண்டு. (கொசுக்களுக்குக் கற்புக் காவல் காத்த ஒரே ஆள் அந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.)

ரத்தத்துக்கு என் கையை விட்டேன். பூரி மாதிரி வீங்கியது. அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்த அக்கா, "அங்குட்டுத் தள்ளுடா" என்று தன் இடது கையைக் கூண்டுக்குள் விட்டாள். அதற்குப் பிறகு தினமும் அவள்தான். ஒரு கையைக் கொசுக்களுக்குக் கொடுத்துவிட்டு மறு கையால் வாரப் பத்திரிகை புரட்டுவாள்.

அவளுக்கு அப்போது முப்பது வயது. வந்த வரன்களெல்லாம் தட்டிப்போய், கடைசியாகக் கொத்தமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அமைந்தார். அவருடைய முதல் மனைவி தலைப்பிரசவத்தில் இறந்திருந்தாள். (இது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.)

அவரும் அவர் அம்மாவும் வந்தார்கள். அக்கா காபித் தட்டை நீட்டியதும் அந்த அம்மாவின் கண் அவள் கைக்குப் போனது.

"என்னத்தா, கையெல்லாம் செவப்புச் செவப்பாக் கெடக்கு?"

அம்மை என்று நினைத்துவிடுவார்களே என்று எனக்குப் பதறியது. உள்ளே ஓடி, மூன்றாவது கூண்டைத் தூக்கி வந்து கூடத்தின் நடுவில் வைத்து, அக்கா எனக்காகச் செய்வதை விளக்கினேன். அந்த அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. அக்காவைப் பக்கத்தில் உட்காரக்கூடச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாத்தியார் ஒரு மரியாதைக்கு, ஆராய்ச்சியில் என்ன தெரிந்தது என்று கேட்டார்.

ரத்தம் குடிக்காத கொசு முட்டையிடாது என்றேன். ஆணோடு சேர்ந்து, ரத்தம் குடித்து, முட்டையிட்டவைதான் முதலில் சாகின்றன என்றேன். எதிலும் சேராமல் சர்க்கரைத் தண்ணீரோடு இருப்பவை இன்னும் பறந்துகொண்டிருக்கின்றன என்று நோட்டைப் பிரித்தும் காட்டினேன். அப்பா இருமினார். அவருக்குச் சளி என்று நினைத்துக்கொண்டேன்.

வாத்தியார் கூண்டையே பார்த்தார். "அப்ப, என்னையக் கட்டாம இருந்திருந்தா அவ உசுரோட இருந்திருப்பா. அப்படித்தானே தம்பி?"

எந்த மடையனும் அந்த இடத்தில் வாயை மூடியிருப்பான். நான், "சராசரியாப் பார்த்தா, ஆமா சார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. எழுந்து அப்பாவைக் கும்பிட்டார். தன் அம்மாவின் பிடிவாதத்துக்காக வந்ததாகவும், இன்னொரு பெண்ணைக் கூட்டிப்போய்ப் பலி கொடுக்கத் தன்னால் முடியாது என்றும் சொன்னார். அவர் அம்மா அழுதுகொண்டே படியிறங்கினார். கொசு வேறு, மனுஷி வேறு என்று கொத்தமங்கலம் வரை போய்ச் சொல்லிவிட்டு வர எனக்குத் தைரியம் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஆராய்ச்சிக்கு வகுப்பில் முதல் மதிப்பெண் கிடைத்தது. வீட்டில் நான் சொல்லவில்லை.

அதன் பிறகு அக்காவுக்கு வரன் அமையவே இல்லை. இப்போது எண்பதைத் தாண்டி எங்களோடுதான் இருக்கிறாள். வீட்டில் யாராவது கேட்காததையெல்லாம் பேச ஆரம்பித்தால், "கூண்டை உள்ள கொண்டு போய் வை" என்று எல்லோரும் சிரிப்பார்கள். நேற்று வந்த மருமகள்கூடச் சொல்கிறாள். அதிகம் சொல்வது அக்காதான்.

போன மாதம் அப்படிச் சிரித்து ஓய்ந்தபிறகு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது சொன்னாள்: "அன்னைக்கு அவுக அப்படிக் கேட்டப்ப, செத்தாலும் பரவால்ல, நான் வாரேன்னு சொல்ல வாயெடுத்தேன்டா. அதுக்குள்ள நீ பதில் சொல்லிட்ட."