எண் ஒன்பதில் அடர்ந்த புதர்

ராஜா அண்ணாமலைபுரம்,
புதன்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை ஜவஹர் அவர்களுக்கு,

மாமனார் அசோகன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கு நீங்களும் பிரியாவும் சுகம் என்பதை இன்று காலை ஆறு மணிக்கும், மறுபடி ஆறேமுக்காலுக்கும், எட்டரைக்கும் போன் செய்து தெரிந்துகொண்டேன். கூப்பிடு தூரத்தில் இருக்கும் மேற்கு மாம்பலத்துக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "மாமா, அந்தப் புதர வெட்டியாச்சா?" என்று கேட்டதும் எனக்கு வாய் குழறிவிடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிந்ததும் பிரியாவைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். இரண்டு மாதங்களுக்கு முன் வீடியோ காலில், பக்கத்துக் காலி மனையில் ஏதோ அசைவதைப் பார்த்துவிட்டு, "பாம்பா இருக்கும் மாமா, அத வெட்டினாத்தான் அனுப்புவேன்" என்றீர்கள். நியாயம்தான். மனையின் சொந்தக்காரர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. ஆகவே அன்றைக்கே வார்டு அலுவலகத்தின் செயலியில் "செடிகள் மண்டிக் கிடக்கின்றன" என்று புகார் செய்தேன். மூன்றாம் நாள் "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று பதில் வந்தது, கூடவே ஒரு படம். புல்கூட இல்லாத சுத்தமான மைதானம், நடுவில் மூன்று ஸ்டம்ப். அப்படி ஓர் இடம் எங்கள் தெருவிலேயே கிடையாது. எந்தத் தெருவோ, அங்கிருப்பவர்கள் நன்றாக இருக்கட்டும்.

திரும்பவும் புகார் செய்தேன். மழையெல்லாம் பெய்து ஓய்ந்த பிறகு கபாலி என்ற மேற்பார்வையாளர் வந்தார். மனையை எட்டிப் பார்த்தார். என் புகாரைப் படித்தார்.

"செடின்னு எழுதிக்கிற சார். நடுவுல நிக்குதே முருங்க, அது மரம். மரத்துல கை வெக்கணும்னா கமிட்டி பர்மிஷன் வோணும்."

"நான் எழுதும்போது அது இடுப்பளவுதான் இருந்தது. நீங்க வர்றதுக்குள்ள வளர்ந்துடுச்சு."

"அத்த நானா தண்ணி ஊத்தி வளத்தேன்?"

மகள் பிரசவத்துக்கு வரவேண்டும் என்று நான் கெஞ்சியதும் அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. "பொண்ணு பிரசவம்னு சொல்ற. புதர்னு எழுதிக் குடு நைனா. புதருக்கு எவனும் பர்மிஷன் கேக்க மாட்டான்."

உடனே "எண் ஒன்பது, அடர்ந்த புதர், ஓர் இலை விடாமல் அகற்றவும், மிக மிக அவசரம்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மனையின் புதிய எண் ஒன்பது. எங்கள் வீட்டின் புதிய எண் பதினொன்று, பழைய எண் ஒன்பது. 'புதிய' என்ற ஒரு வார்த்தையை நான் எழுதவில்லை. அலுவலகத்தில் இருப்பதோ பழைய எண் பட்டியல். கபாலி கண்ணால் பார்த்த மனையைவிட அந்தப் பட்டியலைத்தான் நம்புவார் என்று எனக்குத் தெரியாது.

நேற்று நானும் உங்கள் அத்தையும் தி. நகருக்கு வளையல் வாங்கப் போயிருந்தோம். திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கினால், இது நம் வீடுதானா என்று எனக்கே சந்தேகம். கறிவேப்பிலை மரம், செம்பருத்தி, மல்லிகைப் பந்தல், பந்தலைத் தாங்கிய மூங்கில், மாடிப்படியில் இருந்த துளசித் தொட்டி, எதுவுமே இல்லை. பக்கத்து மனை அப்படியே தளதளவென்று நிற்கிறது. வாசலில் கபாலி சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

"ஒரு எல வுடல சார். போட்டோ ஒண்ணு எட்துக்கட்டா? இன்னா, சந்தோஷம்தானே?"

உங்கள் அத்தை வளையல் பெட்டியோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். "பாம்பு வந்தாலும் ஒளிய நம்ம வீட்டுல எடமில்லங்க" என்றாள்.

அதைத்தான் நானும் உங்களிடம் சொல்ல வந்தேன், மாப்பிள்ளை. புதர் போகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதருக்கும் நம் வாசலுக்கும் நடுவில் இப்போது வெறும் தரைதான். எது வந்தாலும் தூரத்திலேயே தெரியும். நான் பிரியாவின் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். அவள் எழுந்தால் எழுவேன், நடந்தால் பின்னால் நடப்பேன், மணிக்கொருதரம் குழந்தை அசைகிறதா என்று கேட்டு நோட்டில் குறித்து வைப்பேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வராவிட்டால் உங்கள் அத்தை தாங்கமாட்டாள். தயவுசெய்து வெள்ளிக்கிழமை பிரியாவை அனுப்பிவையுங்கள்.

உங்கள் பெற்றோருக்கு எங்கள் வணக்கம். உங்கள் இருவருக்கும், முகம் காட்டாத மூன்றாமவருக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
அசோகன்

பி.கு.: உறையில் போடுமுன் கடிதத்தை உங்கள் அத்தை இசக்கியம்மாளிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "மாப்பிள்ளைக்குப் பாம்புன்னா பயமே கெடையாதுங்க. அப்படிச் சொல்லச் சொன்னதே நம்ம பிரியாதான். 'பாம்பு கூட இருந்துருவேம்மா, அப்பா கூட ரெண்டு மாசம் என்னால முடியாது'ங்கா." ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். பிரியா இங்கே வரட்டும், அம்மாவோடு நிம்மதியாக இருக்கட்டும். பிரசவம் முடியும்வரை நான் அங்கே வந்து உங்களோடு தங்கிக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை பெட்டியோடு வருவேன். உங்கள் மாடிப்படிக் கைப்பிடி உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துச் சொல்லவும்.